காதில் குறும்பி அடைப்பு: வீட்டிலேயே எடுக்கலாமா, டாக்டரிடம் போகணுமா?

எழுதியவர்: மலைக்கோட்டை_மகள்

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயசு 71, திருச்சியில எங்களோடதான் இருக்கார். சர்க்கரை இருக்கு, மாத்திரையில ஓடுது. தலைக்குக் குளிச்ச அன்னைல இருந்து வலது காது அடைச்ச மாதிரி இருக்குன்னு சொல்றார். டிவி சத்தம் நாளுக்கு நாள் கூடுது. கூப்பிட்டா இடது காதைத் திருப்பிக் காட்டுறார். வலி இல்லை, சீழ் இல்லை.

பக்கத்து வீட்டு அத்தை, பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி விடச் சொல்றாங்க. மருந்துக்கடையில கேட்டதும் சீட்டுகூடக் கேட்காம குறும்பி கரைக்கிற சொட்டு மருந்து ஒண்ணை எடுத்துக் கொடுத்துட்டாங்க. தம்பி ஆன்லைன்ல கேமரா வச்ச குச்சி ஆர்டர் போட்டிருக்கான், போன்ல பார்த்துக்கிட்டே நோண்டி எடுத்துடலாமாம். எனக்கு மூணுமே பயமா இருக்கு. வீட்டிலேயே எடுக்க வழி இருக்கா? இல்லை டாக்டரிடம்தான் போகணுமா?

எழுதியவர்: நெல்லை_முத்து

இதுக்குப் போய் டாக்டர் எதுக்குங்க? பட்ஸ் வாங்கி மெதுவா எடுத்தா வேலை முடிஞ்சுது. காலேஜ் காலத்துல இருந்து தினமும் குளிச்சதும் ரெண்டு காதையும் பட்ஸ்ல துடைச்சிட்டுத்தான் நான் சட்டையே போடுவேன். ஒண்ணும் ஆகல. காதைச் சுத்தமா வச்சுக்கிட்டா அடைப்பே வராது.

எழுதியவர்: செவிப்பறை

வணக்கம் சகோதரி. நான் அரசு மருத்துவமனையில காது மூக்கு தொண்டைப் பிரிவு டாக்டர். உங்க பயம் நியாயமானது. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

அப்பா காதுல இருக்கிறது குறும்பிதானான்னு இன்னும் யாருமே பார்க்கலை. எனக்கு முதல்ல உறுத்துறது அதுதான். காது அடைப்புன்னு வர்றவங்களுக்கு உள்ளே குறும்பி இருக்கலாம், பூஞ்சை இருக்கலாம், காது ஜவ்வுக்கு (செவிப்பறைக்கு) பின்னாடி நீர் கோத்திருக்கலாம், ஜவ்வுல ஓட்டை இருக்கலாம், கேட்கும் நரம்பே திடீர்னு பழுதாகியிருக்கலாம். வெளியில இருந்து எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். ஒண்ணுக்கு மருந்தா இருக்கிறது இன்னொண்ணுக்குக் கெடுதல். ஓட்டோஸ்கோப்னு காதுக்குள்ள வெளிச்சம் அடிச்சுப் பார்க்கிற கருவியை வச்சுப் பார்த்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

குளிச்சதும் ஆரம்பிச்சதுன்னு சொல்றதால குறும்பிக்குத்தான் வாய்ப்பு அதிகம். குழாய் முழுக்கக் குறும்பி இருந்தாலும் ஒரு மெல்லிய இடுக்கு இருந்தா போதும், காது ஓரளவு நல்லாவே கேட்கும். தண்ணி பட்டு குறும்பி ஊறி உப்பினதும் அந்த இடுக்கும் மூடிக்கும். அதனாலதான் நேத்து வரைக்கும் கேட்ட காது இன்னைக்குக் கேட்கலைன்னு வர்றாங்க.

ஆனா உங்க அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கு, வயசும் ஆகுது. இப்படிப்பட்டவங்க காதுக் குழாய்ல சின்னக் கீறல் விழுந்தாலும் சூடோமோனாஸ்னு ஒரு கிருமி புகுந்து எலும்பு வரைக்கும் போயிடக்கூடிய நோய் ஒண்ணு உண்டு. அடிக்கடி வர்றது இல்லை. வந்தா ராத்திரி தூங்கவிடாத வலி, சில பேருக்கு முகம் ஒரு பக்கம் கோணிப்போறது, வாரக்கணக்குல ஆன்டிபயாடிக்னு பெரிய பாடு. சர்க்கரை உள்ள முதியவங்களுக்குக் குழாய்த் தண்ணியால காது கழுவின பிறகு இது தொடங்கினதா மருத்துவ இதழ்கள்ல பதிவுகள் இருக்கு. அதனால அவர் காதுல யாரும் தண்ணி பீச்ச வேண்டாம், குச்சி விட வேண்டாம், பூண்டு எண்ணெய் வேண்டவே வேண்டாம். பச்சைப் பூண்டு சாதாரணத் தோலையே பொசுக்கும். காதுக் குழாயோட உள்பக்கத் தோல் அதைவிட ரொம்ப மெல்லிசு.

தம்பி வாங்கின கேமராக் குச்சி பத்தி. போன்ல தெரியுற படம் தட்டையானது. ஜவ்வு எவ்வளவு பக்கத்துல இருக்குன்னு அதுல தெரியாது. இன்னொரு விஷயமும் இருக்கு. மூளையில இருந்து தொண்டை, நெஞ்சுக்கெல்லாம் போற வேகஸ் நரம்போட ஒரு கிளை காதுக் குழாய்லயும் ஓடுது. சில பேருக்கு அதைத் தொட்டதும் சட்டுனு இருமல் வரும். குச்சி உள்ளே இருக்கும்போது தலை அப்படி ஆடினா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. நாங்க ஒரு விரலை நோயாளியோட கன்னத்துல ஊன்றி வச்சுக்கிட்டுதான் கருவியை உள்ளே விடுவோம், தலை ஆடினா கையும் சேர்ந்து ஆடணும்ங்கிறதுக்காக.

திருச்சி அரசு மருத்துவமனையில காது மூக்கு தொண்டை ஓ.பி. இருக்கு, காலையிலேயே போயிட்டா அன்னைக்கே பார்த்துடுவாங்க. தனியார்ல காட்டினாலும் சரி. போறதுக்கு முன்னாடி சொட்டு மருந்து எதையும் ஆரம்பிக்காதீங்க.

எழுதியவர்: நெல்லை_முத்து

டாக்டர் சார், மரியாதையோடதான் கேக்கேன். பட்ஸ் அவ்வளவு மோசம்னா கடையில ஏன் விக்காங்க? பஞ்சுதானே அது, கம்பியா?

எழுதியவர்: செவிப்பறை

நல்ல கேள்வி முத்து. உங்க வீட்டுல இருக்கிற பட்ஸ் டப்பாவோட பின்பக்கத்தைப் படிச்சுப் பாருங்க. காதுக் குழாய்க்குள்ள விடாதீங்கன்னு பல கம்பெனிகள் அதுலயே பொடி எழுத்துல போட்டிருப்பாங்க.

காரணம் இது. பெரியவங்களுக்குக் காதுக் குழாய் சுமார் 2.5 செ.மீ. நீளம். வெளிப்பக்கத்து மூணுல ஒரு பங்கு குருத்தெலும்பு. முடியும் குறும்பிச் சுரப்பிகளும் அங்கே மட்டும்தான். உள்பக்கத்து மூணுல ரெண்டு பங்கு எலும்பு, மேலே மெல்லிய தோல், சுரப்பி கிடையாது. அதாவது ஜவ்வுக்குப் பக்கத்துல குறும்பியே உற்பத்தி ஆகறது இல்லை. ஜவ்வை ஒட்டிக் குறும்பி இருக்குன்னா பெரும்பாலும் யாரோ எதையோ விட்டுத் தள்ளியிருக்காங்கன்னு அர்த்தம். தினமும் பட்ஸ் போடுறவங்க காதைப் பார்த்தா இது தெரியும். வெளிப்பக்கம் பளிச்சுனு இருக்கும், உள்ளே ஆழத்துல கருப்பா ஒரு கட்டி இறுகி உட்கார்ந்திருக்கும். பஞ்சு முனையில கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வர்றதைப் பார்த்து, எல்லாம் வந்துடுச்சுன்னு நினைச்சுக்கிறோம். மீதி உள்ளே போயிருக்கும்.

காது தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்கும். ஜவ்வுல இருந்து தோல் மெதுவா வெளிப்பக்கமா நகர்ந்துக்கிட்டே இருக்கு, நகம் வளர்ற மாதிரி. அதோட குறும்பியும் வெளியே வரும், வாய் அசையும்போது உதிரும். குறும்பி அழுக்கு இல்லை. தோலுக்கு எண்ணெய்ப் பசை, கொஞ்சம் அமிலத் தன்மை, கிருமியையும் பூச்சியையும் தடுக்கிற குணம் எல்லாம் அதுக்கு உண்டு. அதைத் தினமும் துடைச்சு எடுத்தா தோல் காயும், அரிக்கும், அரிப்புக்கு மறுபடி பட்ஸ் தேடுவோம். அந்தச் சுழற்சியில மாட்டினவங்களை வாராவாரம் பார்க்கிறேன்.

அமெரிக்காவில 1990 முதல் 2010 வரை இந்தப் பஞ்சுக் குச்சியால காதுல அடிபட்டு அவசரப் பிரிவுக்கு வந்த பிள்ளைங்களை மட்டும் ஒரு ஆய்வு கணக்கெடுத்தது. சுமார் 2,63,000 பேர். பெரும்பாலானவங்களுக்குக் காது சுத்தம் பண்ணும்போதுதான் அடிபட்டிருக்கு. உங்களுக்கு இது வரைக்கும் ஒண்ணும் ஆகாதது சந்தோஷம். இனிமேலும் ஆகாம இருக்கட்டும்னுதான் சொல்றேன்.

எழுதியவர்: திண்ணை_பாட்டி

டாக்டர் தம்பி, நீங்க சொல்றது எல்லாம் சரிதான். ஆனா எண்ணெயே கூடாதுன்னு சொன்னா எனக்கு மனசு ஒப்பலை. எங்க அம்மா சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சா காதுக்கு ரெண்டு சொட்டு விடாம இருக்க மாட்டா. எனக்கு இப்போ எழுபத்தெட்டு, கடுகு தாளிக்கிற சத்தம் கூடத்துல உட்கார்ந்தா கேக்குது. பெரியவங்க செஞ்சதை எல்லாம் ஒரே அடியா தப்புன்னு தள்ளலாமா?

எழுதியவர்: செவிப்பறை

பாட்டிம்மா, எண்ணெய் குறும்பியை இளக்கும்னு பெரியவங்க கண்டது உண்மை. இங்கிலாந்து அரசு மருத்துவச் சேவையே குறும்பி அடைப்புக்கு ஆலிவ் எண்ணெய் சொட்டு விடச் சொல்லுது. சுகமான, ஓட்டை இல்லாத காதுல அறை வெப்பத்துல ரெண்டு சொட்டு விட்டதால யாருக்கும் பெரிய கேடு வந்துடாது.

என் வருத்தம் வேற இடத்துல. ஒண்ணு, சூடு. கரண்டியில காய்ச்சின எண்ணெயோட சூடு விரல்ல வச்சுப் பார்க்கும்போது பொறுக்கிற மாதிரி தெரியும், உள்ளே போனா வெந்துடும். எண்ணெய் சுட்டுக் கொப்புளம் வந்த காதுகளை நானே பார்த்திருக்கேன். ரெண்டாவது, ஜவ்வுல ஓட்டை இருக்கிறதே நிறைய பேருக்குத் தெரியாது. சின்ன வயசுல சீழ் வடிஞ்சு நின்னிருக்கும், ஓட்டை அப்படியே இருக்கும். காதுல விட்ட சொட்டோட ருசி தொண்டையில தெரிஞ்சாலோ, மூக்கை அழுத்திச் சிந்தும்போது காது வழியா காத்து போனாலோ ஓட்டை இருக்குன்னு எடுத்துக்கணும். அவங்க காதுல எதையும் விடக் கூடாது.

மூணாவது, நம்ம ஊர்ப் புழுக்கம். காது எப்பவும் ஈரமாவும் எண்ணெய்ப் பிசுக்காவும் இருந்தா பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்துல எங்க ஓ.பி.யில இது சர்வ சாதாரணம். உள்ளே பார்த்தா நனைஞ்ச செய்தித்தாளைச் சுருட்டி வச்ச மாதிரி சாம்பல் படலம், மேலே கருப்புப் புள்ளிகள். அந்தக் கருப்புதான் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர்ங்கிற பூஞ்சை. நோயாளிக்கு அது அரிப்பும் அடைப்பும்தான். குறும்பின்னு நினைச்சு மேலும் எண்ணெய் விடுவாங்க, அல்லது கடையில ஆன்டிபயாடிக் சொட்டு வாங்கி விடுவாங்க. ரெண்டுமே பூஞ்சையை வளர்க்கும். உறிஞ்சிச் சுத்தம் பண்ணி, பூஞ்சைக்கான சொட்டு மருந்து விட்டாதான் அடங்கும்.

சனிக்கிழமைக் குளியலை நிறுத்தச் சொல்லலை பாட்டிம்மா. எண்ணெய் தலைக்கும் உடம்புக்கும் இருக்கட்டும். காதுக்குத் தண்ணி போகாம இருக்கப் பஞ்சுல கொஞ்சம் வாசலின் தடவிக் காது வாசல்ல வச்சுக்கிட்டுக் குளிங்க, முடிஞ்சதும் எடுத்துடுங்க.

எழுதியவர்: திண்ணை_பாட்டி

சூடு விஷயம் சரி. பூண்டையும் விட்டுடறேன். ஆனா காதுல பூச்சி பூந்தா எண்ணெய்தான், அதுல நான் மாற மாட்டேன்!

எழுதியவர்: செவிப்பறை

அதுல நான் உங்க பக்கம். உயிரோட பூச்சி உள்ளே ஊர்ந்தா, ஜவ்வுல ஓட்டை இல்லாதவங்களுக்கு அறை வெப்பத்துல தேங்காய் எண்ணெய் விட்டா பூச்சி அடங்கிடும், வலியும் குறையும். அப்புறம் எடுக்கிறதுக்கு எங்ககிட்ட வரணும். நீங்களே நோண்டினா கால் வேற, உடம்பு வேறன்னு பிய்ஞ்சு உள்ளே தங்கிடும்.

எழுதியவர்: கொங்கு_காற்று

டாக்டருங்க, ஒரு சந்தேகம். சர்க்கரை, ஓட்டை, சீழ் எதுவும் இல்லாத ஆளு வீட்டுல என்னதான் பண்ணலாமுங்க? எல்லாத்துக்கும் ஆஸ்பத்திரின்னா வேலைக்குப் போறவங்களுக்குக் கஷ்டமுங்க. காதுல மெழுகுவத்தி மாதிரி ஒண்ணை வெச்சுக் கொளுத்துறாங்களே, கோயமுத்தூர்ல ஸ்பாவுல பார்த்தேன், அது பரவால்லைங்களா?

எழுதியவர்: செவிப்பறை

மெழுகுவத்தியை முதல்ல முடிச்சுடுவோம். அது எதையும் உறிஞ்சறது இல்லை. கடைசியில பிரிச்சுக் காட்டுற பழுப்பு மெழுகு அந்தத் திரியோடதே. 1996ல வெளிவந்த ஒரு ஆய்வு அளந்தே பார்த்தது. உள்ளே உறிஞ்சு விசை இல்லை, சில காதுகள்ல மெழுகு சொட்டி உள்ளே தங்கியிருந்தது. முகம், காது சுடும், ஜவ்வு ஓட்டை ஆகும்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010ல எச்சரிக்கையே விட்டிருக்கு. போகாதீங்க.

இப்போ வீட்டு முறை. நீங்க சொன்ன மாதிரி ஆளுக்கு, காது முன்னாடி எப்பவும் சீழ் வடியாம, அறுவை சிகிச்சை நடக்காம, வலி இல்லாம இருந்தா இளக்கும் சொட்டு விட்டுப் பார்க்கலாம். ஆலிவ் எண்ணெய், சோடா கிளிசரின், மருந்துக்கடைச் சொட்டு எதுவா இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுற காக்ரேன் அமைப்பு 2018ல தொகுத்த ஆய்வுகள்ல எந்தச் சொட்டும் இன்னொண்ணைவிட மேல்னு நிரூபணம் ஆகலை, வெறும் தண்ணியும் உப்புத் தண்ணியும்கூடச் சளைக்கலை. கடைச் சொட்டுல பாராடைகுளோரோபென்சீன், டர்பன்டைன், மரத்துப் போக வைக்க பென்சோகேயின்னு சேர்த்திருப்பாங்க. சில தோலுக்கு எரிச்சல் கொடுக்கும். எரிஞ்சா உடனே நிறுத்திடுங்க.

சொட்டுக் குப்பியை உள்ளங்கையில கொஞ்ச நேரம் இறுக்கிப் பிடிச்சு வச்சிருங்க. ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த குளிர்ந்த மருந்தை விட்டா தலை கிறுகிறுன்னு சுத்தும், உள்காதுல சமநிலை காக்கிற குழாய் குளிர்ச்சிக்கு அப்படி எதிர்வினை காட்டும். அடைச்ச காது மேலே இருக்கிற மாதிரி ஒருக்களிச்சுப் படுங்க. பெரியவங்களுக்குக் காது மடலை மேலயும் பின்னாலயும் இழுத்துப் பிடிச்சா குழாய் நேராகும். மூணு சொட்டு விட்டு, காது வாசலுக்கு முன்னாடி இருக்கிற சின்ன மேட்டை விரலால நாலஞ்சு தடவை மெதுவா அமுக்குங்க, காத்துக் குமிழி வெளியேறி மருந்து இறங்கும். அஞ்சு பத்து நிமிஷம் அப்படியே படுத்திருந்துட்டு எழுந்து, வழியறதைத் துணியால துடைச்சுக்கோங்க. ஒரு நாளைக்கு மூணு நாலு வேளை, மூணுல இருந்து அஞ்சு நாள். ஆரம்பத்துல குறும்பி உப்பி அடைப்பு கூடின மாதிரி தோணும், அதுக்குப் பயப்பட வேண்டாம். பல பேருக்கு அடுத்த ஒண்ணு ரெண்டு வாரத்துல தூங்கும்போதே கட்டி கட்டியா தலையணையில விழுந்திருக்கும்.

அதுக்கப்புறமும் கேட்கலைன்னா வாங்க. ஊசி சிரிஞ்சில தண்ணி அடிக்கிற வேலை வீட்டுல வேண்டாம். நாங்க செய்யும்போது உடம்புச் சூட்டுக்கு, அதாவது 37 டிகிரிக்குத் தண்ணியை வச்சு, நீரோட்டத்தைக் குழாயோட மேல்பக்கச் சுவர்ல படுற மாதிரி விடுவோம், நேரா ஜவ்வைப் பார்த்து விட மாட்டோம். பெரிய உலோகச் சிரிஞ்சால கையாலேயே பீச்சுற பழைய முறை வேண்டாம்னு இங்கிலாந்துல 2018ல வந்த வழிகாட்டுதலே சொல்லுது. மைக்ரோஸ்கோப்ல பார்த்துக்கிட்டே உறிஞ்சு எடுக்கிறதுதான் இன்னைக்கு நல்ல முறை. இரைச்சல் கொஞ்சம் பலமா இருக்கும், சிலருக்கு ஒரு நிமிஷம் தலை சுத்தும், அவ்வளவுதான்.

எழுதியவர்: யாழ்_லண்டன்

நான் லண்டனில இருக்கிறன். இஞ்ச முந்தி ஜி.பி.யிட்ட (குடும்ப டொக்டரிட்ட) போனால் நர்ஸே காசில்லாமல் காது கழுவி விடுவா. இப்ப கன இடங்களில அதை நிப்பாட்டிப் போட்டினம், வெளியில காசு குடுத்துத்தான் எடுக்கவேணும். அம்மா அந்தக் காசைப் பார்த்துப் பயந்து கொண்டையூசியால தோண்டத் தொடங்கீட்டா. அதாலதான் கேக்கிறன் டொக்டர், கொண்டையூசி, ஊக்கு, கோழியிறகு எண்டு எங்கட ஆக்கள் பாவிக்கிறதெல்லாம் எப்பிடி? அவ மெல்லமாத்தான் செய்யிறன் எண்டு சொல்லுறா.

எழுதியவர்: செவிப்பறை

அம்மாகிட்ட இப்படிச் சொல்லுங்க: குறும்பி இருந்து தொந்தரவு இல்லைன்னா அதை எடுக்கவே வேண்டாம். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை நிபுணர்கள் 2017ல புதுப்பிச்ச வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்லுது. காது கேட்காம, வலியோ இரைச்சலோ இருந்து, அல்லது ஜவ்வைப் பார்க்க முடியாம மறைச்சாதான் எடுக்கணும். அரிச்சா தோண்டுறது, தோண்டினா புண்ணாறது, ஆறும்போது மறுபடி அரிக்கிறதுன்னு போகும். கொண்டையூசி மெல்லமா போனாலும் அந்தத் தோலைக் கீறாம வராது. அரிப்பு விடாம இருந்தா தோல் நோயோ பூஞ்சையோ இருக்கலாம், அதுக்கு மருந்து இருக்கு. அடைப்பு வந்தா ஆலிவ் எண்ணெய்ச் சொட்டை முதல்ல பார்மசியில கேட்டு விட்டுப் பாருங்க, பாதிப் பேருக்கு மேல செலவு இல்லாம முடியும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது, ஆனா முதல் படி அதுதான்.

எழுதியவர்: இரவு_ஷிப்ட்

இந்த இழையைப் பார்த்ததும் கேட்கத் தோணுச்சு. சென்னையில ஐ.டி. வேலை, நைட் ஷிப்ட், தினமும் ஹெட்செட். நேத்து காலையில தூங்கி எழுந்தா இடது காது சுத்தமா அடைச்சிருக்கு. உள்ளே உய்ங்னு ஒரு சத்தம் நிக்கவே இல்லை. இயர்போன் குறும்பியை உள்ளே தள்ளியிருக்கும்னு நினைச்சு நேத்து ராத்திரியில இருந்து சொட்டு விட்டுட்டு இருக்கேன். இன்னும் எத்தனை நாள் விட்டுப் பார்க்கலாம்?

எழுதியவர்: செவிப்பறை

தம்பி, நாள் கணக்கு வேண்டாம். இன்னைக்கே போங்க.

இப்போ வாயை மூடிக்கிட்டு "ம்ம்ம்"னு நீளமா முனகுங்க. சத்தம் அடைச்ச காதுல பலமா கேட்குதா, நல்ல காதுல பலமா கேட்குதா? குறும்பி மாதிரி வழியில ஏதாவது அடைச்சிருந்தா முனகல் அடைச்ச காதுப் பக்கம் பலமா கேட்கும். நரம்பு பழுதாகியிருந்தா நல்ல காதுப் பக்கம் போகும். நாங்க டியூனிங் ஃபோர்க்னு தட்டினா அதிர்ந்து ஒலிக்கிற கவட்டையை நெத்தியில வச்சுப் பார்க்கிறதும் இதே கணக்குதான். இதை வச்சு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க, எந்தப் பக்கம் கேட்டாலும் கிளம்புங்க.

திடீர்னு, அதாவது மூணு நாளுக்குள்ள ஒரு காது கேட்காம போறதுக்குத் தனி நோயே இருக்கு. உள்காதும் நரம்பும் சம்பந்தப்பட்டது. வலி இருக்காது, அடைச்ச மாதிரியும் இரைச்சலாவும் மட்டும்தான் இருக்கும், அதனாலயே குறும்பின்னு நினைச்சு நாளைக் கடத்திடுவாங்க. இதுக்கு ஸ்டீராய்டு சிகிச்சை ரெண்டு வாரத்துக்குள்ள தொடங்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தாமதமானா போன கேள்வி திரும்பாமலே போகலாம். ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனை அளக்கிற பரிசோதனை, எடுக்கிற வசதி உள்ள இடமா பார்த்துப் போங்க.

எழுதியவர்: இரவு_ஷிப்ட்

முனகிப் பார்த்தேன் சார். வலது காதுலதான் கேட்குது. கிளம்பிட்டேன்.

எழுதியவர்: புது_அம்மா

டாக்டர், அவர் நல்லபடியா வரட்டும். என் சந்தேகம் குழந்தை பத்தி. நாலு மாசம் ஆகுது. குளிப்பாட்ட வர்ற அம்மா குளிச்சதும் ரெண்டு காதுலயும் வாயால ஊதுறாங்க, எண்ணெய் விட்டு மூக்குலயும் ரெண்டு சொட்டு விடுறாங்க. தண்ணி நிக்காது, குறும்பி சேராதுன்னு மாமியாரும் சொல்றாங்க. எப்படி எடுத்துச் சொல்றதுன்னே தெரியலை.

எழுதியவர்: செவிப்பறை

மூக்குல எண்ணெய் விடுறதை இன்னைக்கே நிறுத்தணும். அது நுரையீரலுக்கு இறங்கினா ஒரு வகை நிமோனியாவே வரும். காதுல ஊதினா ஊதுறவங்க வாய்க் கிருமிதான் உள்ளே போகும், தண்ணி வராது. குழந்தையோட காதுல சொட்டு, பட்ஸ், எண்ணெய் எதுவும் வேண்டாம். காது மடலையும் வாசல்ல வந்து நிக்கிற குறும்பியையும் ஈரத் துணியால துடைச்சா போதும். மாமியார்கிட்ட நீங்க வாதாட வேண்டாம். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது அவங்களையும் கூட்டிட்டுப் போய் டாக்டரையே சொல்லச் சொல்லுங்க, பெரியவங்களுக்கும் அது சங்கடமா இருக்காது.

குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் இன்னொண்ணு மனசுல வையுங்க. காதுல பட்டாணி, புளியங்கொட்டை போட்டுக்கிட்டா தண்ணியோ சொட்டோ விடக் கூடாது, ஊறிப் பெருத்துடும். பொம்மையில இருக்கிற பட்டன் பேட்டரி போயிட்டா ராத்திரியா இருந்தாலும் அவசரப் பிரிவுக்கு ஓடணும். சில மணி நேரத்துலயே தோலை அரிச்சு ஜவ்வைப் பொத்தலாக்கிடும், சொட்டு விட்டா இன்னும் வேகமா அரிக்கும்.

எழுதியவர்: மலைக்கோட்டை_மகள்

அப்பாவைக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துட்டோம். ரெண்டு காதுலயும் குறும்பி, வலதுல கல்லு மாதிரி இறுகி முழுசா அடைச்சிருந்தது. உடனே எடுக்கலை. சர்க்கரை அளவு பார்த்துட்டு, அவங்க கொடுத்த சொட்டை சில நாள் விட்டுட்டு வரச் சொன்னாங்க. அப்புறம் தண்ணி அடிக்காம உறிஞ்சியே எடுத்தாங்க. கடைசியில பஞ்சுத் துணுக்கு ஒண்ணும் வந்தது. எப்பவோ பட்ஸ் முனை உள்ளே கழண்டிருக்கு. எடுத்ததுக்கு அப்புறம் ஜவ்வைப் பார்த்துட்டு ஓட்டை இல்லைன்னு சொன்னாங்க. ஆனாலும் ரெண்டு காதும் கொஞ்சம் மந்தமா இருக்கிறதால கேட்டல் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்காங்க. தம்பி அந்தக் குச்சியைத் திருப்பி அனுப்பிட்டான். ரொம்ப நன்றி டாக்டர்.

எழுதியவர்: இரவு_ஷிப்ட்

என் விஷயமும் சொல்லிடறேன், இதைப் படிக்கிற யாருக்காவது உதவும். காதுல குறும்பியே இல்லை. ஜவ்வு பளிச்சுனு இருக்குன்னாங்க. ஆடியோகிராம்ல இடது பக்கம் கோடு நல்லா கீழே இறங்கியிருந்தது. அன்னைக்கே ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பிச்சாங்க, இப்போ ஜவ்வு வழியா ஊசியும் போடுறாங்க. கொஞ்சம் திரும்பியிருக்கு, போன்ல பேசுறது புரியுது, ஆனா பழைய மாதிரி இல்லை. இரைச்சல் இருக்கு. இன்னும் பார்க்கணும்னு சொல்றாங்க.

எழுதியவர்: செவிப்பறை

நேரத்துக்குப் போனீங்க தம்பி, மருந்தை விடாம முடியுங்க. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னா தட்டாம எடுத்துடுங்க, நரம்புல கட்டி இல்லைன்னு உறுதி பண்ணத்தான்.

பின்னாடி இந்த இழைக்கு வர்றவங்களுக்காக எழுதி வைக்கிறேன். திடீர்னு கேட்காம போனா, காதுல வலி, சீழ், ரத்தம் வந்தா, தலை சுத்தி வாந்தி வந்தா, முகம் ஒரு பக்கம் இழுத்தா, தலையில அடிபட்ட பிறகு காதுல நீர் வந்தா, சொட்டு, பட்ஸ் எதையும் தொடாம டாக்டரிடம் போங்க. நாத்தம் அடிக்கிற சீழ் கொஞ்சமா விட்டு விட்டு வருதுன்னா அதையும் சாதாரணமா விடாதீங்க. ஜவ்வுல இருந்து தோல் உள்பக்கமா வளர்ந்து எலும்பை அரிக்கிற ஒரு நோய் அப்படித்தான் வலியே இல்லாம இருக்கும், அதுக்கு அறுவை சிகிச்சைதான். சர்க்கரை உள்ளவங்க, ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடுறவங்க, முன்னாடி காது ஆபரேஷன் ஆனவங்க, ஒரே காதுதான் கேட்கும்ங்கிறவங்க சாதாரண அடைப்புக்குக்கூட வீட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம். செலவை நினைச்சுத் தள்ளிப் போடாதீங்க, மாவட்டத் தலைமை மருத்துவமனைகள்ல இது இலவசம்.

எழுதியவர்: ஓய்வு_வாத்தியார்

கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளாகக் காது கேட்கும் கருவி அணிகிறேன். சில வாரங்களாக 'கீச்' என்று சத்தம் போடுகிறது, ஒலியும் மங்கிவிட்டது. கருவி பழுதா, குறும்பியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கருவி முனையில் அடைத்திருப்பதை ஊசியால் எடுக்கலாமா?

எழுதியவர்: ஒலிமானி

ஐயா, வணக்கம். நான் கேட்டல் பரிசோதகர், இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்றேன்.

கீச் சத்தத்துக்குக் குறும்பிதான் அடிக்கடி காரணம். கருவியில இருந்து போற ஒலி குறும்பியில முட்டித் திரும்பி மைக்குக்கே வந்துடும், அதுதான் அப்படிக் கத்துது. முனை காதுல சரியா உட்காராததும் காரணமா இருக்கலாம். காதுல எப்பவும் கருவி இருக்கிறதால குறும்பி தானா வெளியே வர்ற வழியும் மறைஞ்சு போகுது, அதனால கருவி போடுறவங்களுக்கு அடைப்பு மத்தவங்களைவிடச் சீக்கிரம் சேரும். வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது காதைக் காட்டிடுங்க.

ஊசி வேண்டவே வேண்டாம், உள்ளே இருக்கிற ஸ்பீக்கர் கிழிஞ்சுடும். முனையில சின்ன வெள்ளை வடிகட்டி இருக்கும், அதுதான் குறும்பியைத் தடுக்கிறது. அடைச்சுக்கிட்டா கழட்டிப் புதுசு மாட்டணும், கருவி வாங்கின இடத்துல கேட்டா பாக்கெட்டாவே கொடுப்பாங்க, மாட்டவும் காட்டிக் கொடுப்பாங்க. முனையைத் துடைக்கிறதை ராத்திரியில வச்சுக்காதீங்க, காலையில பண்ணுங்க. ராத்திரி முழுக்கக் காய்ஞ்ச குறும்பி பிரஷ் பட்டதும் உதிர்ந்துடும், ஈரமா இருக்கும்போது தேய்ச்சா ஓட்டைக்குள்ளேயே அப்பிக்கும். துடைக்கும்போது முனையைக் கீழ்ப்பக்கமாப் பிடிச்சுக்கோங்க, தூள் வெளியே விழும்.

வடிகட்டி மாத்தியும் கீச் நிற்கலைன்னா காதைக் காட்ட வேண்டியதுதான். போகும்போது கருவியையும் எடுத்துட்டுப் போங்க ஐயா. குறும்பி எடுத்த கையோட அங்கேயே மாட்டிப் பார்த்துட்டா, கோளாறு காதிலயா கருவியிலயான்னு ஒரே நடையில தெரிஞ்சுடும்.